துவர்

கோலாலம்பூரில் ஒரு வைன் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பிரான்ஸிலிருந்து புதிதாக வந்திறங்கும் சிவப்பு வைன் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி அறிமுகம் எழுதுவது என் பொறுப்பு. போர்தோவின் இடது கரை என்றால் கபெர்னே சோவின்யோன் தூக்கலாக இருக்கும். தேவதாரு, புகையிலை வாசம் என்று எழுத வேண்டும். வலது கரை என்றால் மெர்லோ. பிளம்ஸ் பழம், வழுவழுப்பு. பர்கண்டி என்றால் பினோ நுவார். மழை பெய்த மண், காளான். எந்த ஊர் வைனாக இருந்தாலும் தவறாமல் வந்து உட்காரும் சொல் ஒன்று உண்டு. டானின். நாக்கின் ஓரத்தையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கிற குணம் அது.

நான் பிறந்தது கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். நாக்கை இழுத்துப் பிடிப்பது எனக்குப் புதுசு இல்லை. அதிக நேரம் கொதித்த தேத்தண்ணி செய்வதும் அதையேதான். அதற்கு எங்கள் வீட்டில் இருந்த சொல் துவர்ப்பு. இதில் ஒரு அழகு இருக்கிறது. பழந்தமிழில் துவர் என்றால் அந்தச் சுவை மட்டும் அல்ல. சிவப்பு நிறமும் துவர்தான், பவளமும் துவர்தான். சிவப்பு வைனின் நிறத்தையும் ருசியையும் ஒரே சொல்லில் சொல்லிவிட நம் மொழியால் முடியும். ஆனாலும் குடிப்பதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் நம் கைக்கு முதலில் வருவது ருசியின் சொல் அல்ல, பழியின் சொல். குடிகாரன், கள்ளுக்கடை, சீரழிவு. ஒரு மதுவுக்கு ருசியின் மொழியும் இன்னொரு மதுவுக்குக் குற்றத்தின் மொழியும் எப்படி வாய்த்தன? இந்தக் கேள்வியைக் கேமரன் மலையில் நின்றுகொண்டு கேட்டால் பதில் கொஞ்சம் தெளிவாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

வைன் வியாபாரி சிபாரிசு செய்வது பழைய தொழில். கிபி முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓட்டும் வணிகர்களுக்காக, பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் ஒரு கையேடு எழுதினார். எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்று அதற்குப் பெயர். எந்தத் துறைமுகத்தில் எது விலைபோகும் என்பதுதான் அதன் சாரம். குஜராத்தின் பாரிகாசாவுக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்கு, வைன் கொண்டுபோகலாம். இத்தாலி வைன் என்றால் விரும்பி வாங்குவார்கள், லவோதிக்கேயா வைனும் அரேபிய வைனும் ஓடும் என்கிறார். முசிறிப் பக்கம் வரும்போது, வைன் உண்டு, ஆனால் அதிகம் வேண்டாம் என்று முடித்துவிடுகிறார். நான் மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்த பட்டியலுக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. எந்த ஊர்க்காரன் நாக்கு எதை ஏற்கும் என்ற கணக்குதான் இரண்டும்.

அதிகம் வேண்டாம் என்றாலும் வரத்தான் செய்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பகுதியின் இருபிடி ஜாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அவற்றில் நிறைய கோஸ் தீவின் வடிவத்தைச் சேர்ந்தவை. கோஸ் வைன் கடல்நீர் கலந்து செய்யப்படுவது. ரோமாபுரியில் அது சீமான்களின் மது இல்லை. ஆனால் பாண்டியன் அவையில் அதன் மரியாதையே வேறு. புறநானூற்றின் 56ஆவது பாட்டில் நக்கீரனார், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, அரசன் நாள்தோறும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார். கப்பல் ஏறி வந்ததாலேயே ஒரு சரக்குக்கு மதிப்பு கூடுவதும் பழைய சமாச்சாரம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யவனர் மதுவைப் பாடிய அதே மரபு உள்ளூர் மதுவையும் அதே கண்ணோடுதான் பார்த்தது. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று எத்தனை சொற்கள்! தேறல் என்றால் தெளிந்தது. தோப்பி அரிசியிலிருந்து வீட்டில் செய்வது. மலைநாட்டில் மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறல் பல பாட்டுகளில் வருகிறது. ஓக் பீப்பாயில் முதிர்ந்தது என்று எங்கள் கடைப் பட்டியலில் எழுதினோமே, அதற்குக் குறிஞ்சி நிலத்தில் மூங்கில் இருந்திருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில் முதலில் நினைவுக்கு வருவதே அவன் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த விதம்தான். இன்னொரு பக்கம் திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. ஆக, ருசியும் கண்டனமும் நம் மரபில் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. ஆனால் கண்டனம் கள்ளுக்கு, ருசி கப்பலில் வந்ததற்கு என்ற பங்கீடு அன்றைக்கு இல்லை.

பிரெஞ்சு வைனுக்கு இன்றுள்ள மரியாதையில் பாதி, திராட்சையால் வந்தது அல்ல, எழுத்தால் வந்தது. 1855இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது மூன்றாம் நெப்போலியன் அரசு போர்தோ வைன்களுக்கு ஒரு தரவரிசை கேட்டது. போட்டுத் தந்தவர்கள் தரகர்கள். எப்படிப் போட்டார்கள்? பெரும்பாலும் சந்தையில் எது என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து. சிவப்பு வைன்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் லஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்று நாலே நாலு. அதன்பிறகு அந்தப் படிக்கு ஏறியது முத்தோன் ரோத்ஷீல்ட் ஒன்றுதான், அதுவும் 1973இல். 170 வருஷத்துக்கு முந்தைய விலைப்பட்டியல் ஒன்று இன்றும் ருசியின் இலக்கணமாக நிற்கிறது. புட்டியின் தாளில் மாளிகையின் படம் இருக்கும். பழம் பறித்தவர் பெயர் இருக்காது.

அந்தத் தரவரிசை போட்டுச் சில வருஷங்களில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஒரு பூச்சி தின்னத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்ஸெரா. வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி ஆயிரக்கணக்கான தோட்டங்களைச் சாகடித்தது. அதே 1860களில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்க வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். இலங்கையில் காப்பி தப்பவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் போட்டுப் பார்த்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த தமிழர்கள், வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்க ஆரம்பித்தார்கள். ஒரு பயிரின் நோய் ஒரு இனத்தின் குடியிருப்பை மாற்றியது.

அந்த அனுபவம்தான் கேமரன் மலைக்கும் வந்தது. 1885இல் வில்லியம் கேமரன் அளக்கப் போன மலை அது. அவர் பெயரே நிலைத்தது. ஆனால் 1925க்குப் பிறகுதான் அதை மலைவாசஸ்தலமாக்கும் வேலை சூடு பிடித்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் நிலம் வாங்கி போ தேயிலை நிறுவனத்தை ஆரம்பித்தார். அவருடன் சேர்ந்தவர் மில்ன் என்ற இலங்கைத் தோட்டக்காரர். தாப்பாவிலிருந்து ஏறும் பாதை காட்டை வெட்டி 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சரிவுகளில் காட்டை அழித்துச் செடி நட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆள் குறைத்து, பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம் அது. மலைக்கு ஏறியவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை.

தேயிலைக்கும் ருசிக்காரர்கள் உண்டு. வரிசையாகக் கோப்பைகள் வைத்து, கரண்டியில் எடுத்து, சத்தம் போட்டு உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். வைன்காரர்கள் செய்வதும் இதைத்தான். தேயிலைக்காரர்களின் சொற்களும் ஏறக்குறைய அதே சாதிதான்: துடிப்பு, கனம், நிறம், மணம். சலித்துத் தரம் பிரித்தபின் கடைசியாக மிஞ்சும் பொடிக்குத் தூள் என்று பெயர். எங்கள் லயத்தில் குடித்தது தூள். கொழுந்தைப் பறித்த கைக்கும் அதை விவரித்த நாக்குக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை அளவு தூரம் இருந்தது.

வெள்ளைக்காரத் துரைகளின் கிளப்பில் ஓடிய மதுவுக்கு ஸ்டெங்கா என்று பெயர். பாதி என்று பொருள்படும் ஸ்தெங்ஙா என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பாதி விஸ்கி, பாதி சோடா. காசு கையில் கொடுக்க வேண்டாம். சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், மாதக் கடைசியில் கணக்கு. மலாயா பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கதைகளில் ஸ்டெங்காவுக்குக் கவர்ச்சியான இடம் உண்டு. வெயில், தனிமை, வராந்தா, கையில் கிளாஸ். அங்கே குடி ஒருவனின் மனநிலையைக் காட்டும். அவன் இனத்தின் குறையைக் காட்டாது.

தொழிலாளிக்கு வைத்தது கள்ளுக்கடை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை உரிமம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்திடமே இருந்தது. சம்பளம் கொடுக்கிறவரே கள் விற்கிறவர். லாபம் கள் நிதி என்ற கணக்கில் போய் தொழிலாளர் நலனுக்குச் செலவாகும் என்பது ஏற்பாடு. நன்றாக யோசித்துப் பாருங்கள். தொழிலாளியின் நலனுக்கான பணம் தொழிலாளியின் குடியிலிருந்து வர வேண்டும். அவன் குடித்தால்தான் அவன் பிள்ளைக்கு ஏதாவது நடக்கும். முதலாளிக்கு இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. கள் பக்கத்திலேயே கிடைத்தால் ஆள் வெளியே போக மாட்டான், மறுநாள் காலைப் பிரட்டுக்கு வந்து நிற்பான். அப்படி இருந்தும், குடித்துக் கெட்டவன் என்ற பழி மட்டும் கடை வைத்தவர் பக்கம் போகவே இல்லை. சிலாங்கூர் கரையோரத்தில் கள் கட்டுமீறிப் புழங்குகிறது என்ற புகாரை விசாரிக்க 1910களிலேயே ஒரு ஆணையம் போட வேண்டி வந்தது.

கள்ளின் இயல்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் விதியை முடிவு செய்ததில் அதற்கும் பங்குண்டு. பாளையைச் சீவி இறக்கும் சாறு கலயத்தில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு சாராயச் சத்து ஏறும். காலையில் இறக்கியது இனிப்பு, மதியத்துக்குக் காரம், மறுநாள் காடி. போர்தோ வைனில் சாராயச் சத்து நூற்றுக்கு 13 பங்கு அளவில் இருக்கும். இருட்டறையில் படுக்க வைத்தால் பத்து, இருபது வருஷம் நிற்கும், கப்பல் ஏறும், ஏலம் போகும். கள்ளுக்கு வருஷம் கிடையாது, வேளைதான் உண்டு. பதுக்கி வைத்து விலையேற்ற முடியாத சரக்குக்கு யார் தரவரிசை போடுவார்கள்? வியாபாரி எழுதினால்தான் ருசி எழுத்தில் ஏறும். கள்ளுக்கு அப்படி ஒரு வியாபாரி கிடைக்கவே இல்லை. ஆனால் நாக்கில் அந்த அறிவு இருந்தது. எந்த மரம், எந்த நேரம், எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறான் என்று ஒரு மடக்கில் சொல்லும் ஆட்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள்.

கேமரன் மலையில் இந்தக் கதை இன்னும் கோணலானது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் தென்னை காய்க்காது. கள் வேண்டுமென்றால் கீழே இருந்துதான் ஏறி வர வேண்டும், அந்த 60 கிலோமீட்டர் வளைவிலும் அது புளித்துக்கொண்டே வரும். என் பாட்டி சொல்வார், "மேல வந்து சேர்றப்ப அது கள்ளு இல்லடி, ஊறுகா போடலாம்." அந்த இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. மலிவான வடிசாராயம். புளிக்காது, சிறிய புட்டியில் அடங்கும், மறைத்து எடுத்து வரலாம், குளிருக்கு இதமாகவும் இருக்கும். வைனுக்கு இருக்கிற எல்லா வியாபார சௌகரியமும் அதற்கு உண்டு, ருசி ஒன்றைத் தவிர. பாட்டியிடம் ஒருமுறை, தாத்தா குடித்தது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? அது ராத்திரி வீட்டுக்கு வந்தா எப்படி இருக்கும்னுதான் தெரியும்" என்றார்.

இந்தப் பதிலைத் தாண்டிப் போய் கள்ளைக் கொண்டாடி எழுத என்னால் முடியவில்லை. பனைமரமும் தென்றலும் மங்குக் குவளையும் என்று எழுதப்படும் ஏக்கக் கட்டுரைகள் பெரும்பாலும் குவளையைப் பிடித்த கையிலிருந்து வருகின்றன. லயத்துக் கதவுக்குப் பின்னால் காத்திருந்த கையிலிருந்து வருவதில்லை. அன்றைக்கு ஆண்களின் நாள் கூலியே அரை வெள்ளி அளவுதான், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அதில் கடைக்குப் போனது போக மிச்சத்தில்தான் சோறு.

கள்ளுக்கடையை மூடு என்று மலாயாவில் உரக்கச் சொன்னவர்கள் இந்தத் தொழிலாளர்களேதான் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. இந்தக் கோரிக்கைகளோடு தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தது. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போர் முடிந்தபின் 1947இல் கெடா மாநிலத்தின் பெடோங் பகுதியில் தொண்டர் படை கிளம்பியது. ஏ. எம். சாமி தலைமை. இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்று வந்த இளைஞர்களின் மிடுக்கு அதில் இருந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். அரசு அதை ஒழுக்க இயக்கமாகப் பார்க்கவில்லை, ஆபத்தாகப் பார்த்தது. போலீஸ் வந்தது, அங்கேயும் உயிர் போனது. குடிக்காதே என்று சொல்லும் அரசும் முதலாளியும், குடிக்க மாட்டோம் என்று தொழிலாளி கூட்டமாகச் சொன்னால் ஏன் பயப்பட வேண்டும்? தன் சம்பளத்தை எங்கே செலவழிப்பது என்று தானே முடிவு செய்கிறவன், நாளைக்குச் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்பான். கிள்ளானில் இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன.

தமிழ்நாட்டுக் கதை வேறு பாதையில் போய் வேறொரு விநோதத்தில் முடிந்திருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னின்றார்கள். பெரியார் தன் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். பிறகு திறந்தும் மூடியும் கடைசியில் 1987 முதல் அங்கே கள்ளுக்குத் தடை, இன்றுவரை. டாஸ்மாக் கடை அரசே நடத்துகிறது. சென்னையில் போர்தோ வைன் வாங்கிக் குடிப்பது சட்டப்படி சரி. தன் தோப்பில் கள் இறக்குகிறவர் மேல் வழக்கு வரும். நூற்றுக்கு 13 பங்குக்கு அனுமதி, நூற்றுக்கு 5 பங்குக்குத் தடை. ஆரோக்கியம் என்ற ஒரே காரணத்தை வைத்து இதை விளக்க முடியாது. வரி வசூலிக்கத் தோதான மது எது, தோதில்லாத மது எது என்பதை வைத்து விளக்கலாம்.

மலேசியாவில் விலையே வடிகட்டி. மதுவுக்கு வரி அதிகம், நல்லது குடிக்க வசதி வேண்டும். வசதியில்லாதவர் மலிவானதை நாடுவார். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய. கேமரன் மலையிலும் இப்போது கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கூடைக்குப் பதில் இயந்திரக் கத்தரி வந்துவிட்டது. குடித்துச் சீரழிகிறார்கள் என்ற பேச்சு மட்டும் ஆள் மாறி அவர்கள் தலையில் இறங்கியிருக்கிறது. அதைச் சொல்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதுதான் கஷ்டம். நேற்று வரை நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே வாக்கியம் அது, ஒரு எழுத்து மாறவில்லை.

இன்று தமிழில் எழுதுகிற இளைஞர்கள் வைன் பற்றியும் காப்பி பற்றியும் நுணுக்கமாக எழுத ஆசைப்படுகிறார்கள். நல்லதுதான். அந்த நுணுக்கத்தைக் கள்ளுக்கும் கொடுங்கள். காலைக் கள்ளுக்கும் அந்திக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது எண்பது வயதில் இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். அதே வீட்டில் அடுப்படியில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். சம்பள நாள் ராத்திரிகள் எப்படிப் போயின, கடையை மூடச் சொல்லி யார் யார் போனார்கள் என்று அவரிடமும் கேளுங்கள். முதலாமவரை மட்டும் கேட்டால் ஏக்கம் கிடைக்கும், இரண்டாமவரை மட்டும் கேட்டால் தீர்ப்பு கிடைக்கும். துவர்ப்பு என்பது இனிப்பும் அல்ல, கசப்பும் அல்ல. நம் வரலாற்றின் இந்தப் பகுதியை எழுத அந்த ருசிதான் பொருத்தமானது என்று படுகிறது.